பரிணாமத்தை விளக்கப் போய் நான் பட்ட பாடு

எங்கள் வீட்டுப் பரண்மேல் இன்னும் நான்கு கட்டுப் புத்தகங்கள் கிடக்கின்றன. பரிணாமத்தைப் பொதுமக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும் என்று நானே எழுதி, நானே அச்சுக்குக் கொடுத்த 48 பக்கச் சிறுநூல். 500 பிரதிகள். ஒன்றரை மாதச் சம்பளம் அதில் போயிற்று. உள்ளே எழுதியிருப்பதில் பெரிய பிழை ஒன்றுமில்லை. பிழை அட்டையில் இருந்தது. குனிந்த குரங்கு ஒன்று இடப்பக்கம் தொடங்கி, படிப்படியாக நிமிர்ந்து, வலப்பக்கம் கையில் ஈட்டியோடு மனிதனாக நடந்துபோகுமே, அந்த வரிசைப் படத்தைத்தான் போட்டிருந்தேன். அது தவறான படம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், எல்லோருக்கும் பார்த்தவுடன் புரியுமே என்று போட்டேன். எல்லோருக்கும் பார்த்தவுடன் புரியத்தான் செய்தது. குரங்குதான் படிப்படியாக மனிதனாக மாறியது என்ற எதை நான் உள்ளே 48 பக்கங்களில் மறுத்திருந்தேனோ, அதுதான் புரிந்தது.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆசிரியையும் இல்லை, மேடைப் பேச்சாளரும் இல்லை. விடுமுறை நாள்களில் அறிவியல் பேசலாம் என்று ஒரு வேகத்தில் கிளம்பி, 14 மாதங்கள் ஏறக்குறைய எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்து, முதல் பத்து மாதங்களை முழுக்க வீணாக்கினேன். யாராவது ஒருவர் முன்கூட்டியே நான்கு விஷயம் சொல்லியிருந்தால் இவ்வளவு அடி பட்டிருக்க வேண்டாம். அதனால் எழுதுகிறேன்.

முதல் கூட்டம் ஒரு நூலகத்தின் மாடி அறையில் நடந்தது. 40 நாற்காலிகளும் நிறைந்திருந்தன. என்னிடம் 74 படக்காட்சிகள். 1831இல் பீகிள் கப்பல் கிளம்பியதில் தொடங்கி, 1858இல் டார்வினுடைய கட்டுரையும் வாலஸுடைய கட்டுரையும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டது, 1859இல் டார்வினின் புத்தகம் வந்தது, அப்புறம் மெண்டல், அப்புறம் டிஎன்ஏ என்று ஒன்றரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன். முடிக்கும்போது எண்ணிப் பார்த்தேன், 13 பேர். அந்தப் பதின்மூன்று பேரில் வயதான ஒருவர் எழுந்து நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். "ஒரு சந்தேகம் அம்மா. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இன்றைக்கும் குரங்கு ஏன் குரங்காகவே இருக்கிறது?" என்றார். எனக்குக் களைப்பு, கூட்டம் கலைந்த எரிச்சல். "இன்னுமா ஐயா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று சிரித்தேன். முன்வரிசையில் இரண்டு பேர் கூடவே சிரித்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாளை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாளில் இன்னும் சில வரிகள் இருந்தன, எட்டு அல்லது ஒன்பது இருக்கும். அவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது என்பதுதான் இதில் கொடுமை. இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் முறை இல்லை, பங்காளி முறை. பங்காளிகள் இரண்டு பேருக்கும் ஒரு கொள்ளுப்பாட்டன் இருந்தார். இவர்கள் இருப்பதால் அவர்கள் இருக்கக் கூடாது என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அது சிம்பன்சியும் இல்லை, மனிதனும் இல்லை. வால் உள்ள குரங்குகளோடு நம் கிளை பிரிந்தது அதற்கும் வெகுகாலம் முன்னால், இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்குக் குறையாது. தமிழில் 'குரங்கு' என்ற ஒரே சொல் வால் உள்ளதையும் இல்லாததையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. குழப்பத்தில் பாதி அங்கேயே விளைகிறது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் அவருக்கு நான் கொடுக்கவில்லை. நீங்கள் இந்த வேலையில் இறங்கினால் இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும், நூறாவது தடவையாகவும் வரும். கேட்பவருக்கு அது முதல் தடவை.

அடுத்த மூன்று மாதங்கள் என் சித்தப்பாவோடு போயின. குடும்பத்தினரின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஏதோ அனுப்ப, நான் மறுக்க, அவர் மறுபடி அனுப்ப, இரவு பதினொரு மணிக்குமேல்தான் எங்கள் கச்சேரி தொடங்கும். குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டது என்று 1912இல் இங்கிலாந்தில் காட்டிய பில்ட்டௌன் மண்டையோடு மோசடி என்றார். ஆமாம், மோசடிதான், ஆனால் 1953இல் அதை அம்பலப்படுத்தியவர்களும் விஞ்ஞானிகள்தானே என்று நான் ஐந்து சுட்டிகள் அனுப்புவேன். இப்படியே போய்க் கடைசியில் ஒரு விசேஷ வீட்டில் நேரில் அகப்பட்டுக்கொண்டோம். "நீ எனக்கு அனுப்பியதையெல்லாம் எண்ணினேன் அம்மா. 63 சுட்டிகள். அதில் எத்தனையை நீ முழுதாகப் படித்தாய்?" என்று கேட்டார். மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பத்துகூடத் தேறவில்லை. அன்றைக்குத்தான் அவர் மனத்தில் இருந்தது வெளியே வந்தது. பில்ட்டௌனும் இல்லை, புதைபடிவமும் இல்லை. "வலியது வாழும், மெலியது சாகும் என்பதுதான் இயற்கையின் சட்டம் என்றால், முடியாதவனைத் தூக்கிவிடு என்று பிள்ளைகளுக்கு எதை வைத்துச் சொல்வது?" இதைத்தான் அவர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மழை எப்படிப் பெய்கிறது என்று சொல்லும் படிப்பு, பக்கத்தில் நனைகிறவருக்குக் குடை பிடிக்காதே என்று சொல்வதில்லை சித்தப்பா என்றேன். முழுதாக ஏற்றுக்கொண்டாரா தெரியாது. ஆனால் அதன்பின் இரவுக் கச்சேரி நின்றுவிட்டது.

சித்தப்பாவின் 'வலியது வாழும்' என்னை வேறொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் எதிர்த்தது பரிணாமத்தை இல்லை, அந்தச் சொற்றொடரை. அது டார்வின் ஆக்கிய தொடரும் இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1864இல் எழுதியது. டார்வின் தன் புத்தகத்தின் 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அதைச் சேர்த்துக்கொண்டார். தமிழில் 'தக்கன பிழைக்கும்' என்று அழகான பெயர்ப்பு உண்டு. 'தக்கது' எப்போது 'வலியது' ஆயிற்று என்று தெரியவில்லை, ஆனால் ஆகிவிட்டது. இதை உடைக்க எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய விளையாட்டு. செய்தித்தாளைக் கிழித்து 50 துண்டுகள், சிவப்புத் தாளில் 50 துண்டுகள். எல்லாவற்றையும் விரித்த செய்தித்தாள்மேல் தூவி, நான்கு பேரைக் கூப்பிட்டு, பறவைகளாக நினைத்துக்கொண்டு பதினைந்து வினாடியில் எவ்வளவு முடியுமோ கொத்துங்கள் என்பேன். சிவப்பு காலியாகிவிடும். அதையே சிவப்புத் துணிமேல் செய்தால் கதை தலைகீழ். இதில் வலியது எது?

அப்புறம் ஒரு மாதம் உட்கார்ந்து, நான் பேசிய சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அதுதான் இந்த 14 மாதங்களில் உருப்படியாகச் செலவான மாதம். 'பரிணாம வளர்ச்சி' என்று வாய் பழகிவிட்டது. பரிணாமத்தோடு வளர்ச்சியை ஒட்டவைத்தவுடனே ஏணி வந்துவிடுகிறது, கீழே புழு, மேலே நாம். குகைக்குள் வாழும் மீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான். அதை வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? இலங்கைப் பாடநூல்களில் 'கூர்ப்பு' என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல், ஆனால் அதிலும் கூர்மையாகிக்கொண்டே போவது போன்ற ஒரு சாயல் ஒட்டியிருக்கிறது. நான் இப்போது வெறுமனே 'பரிணாமம்' என்கிறேன், வளர்ச்சியை வெட்டிவிட்டேன். 'இயற்கைத் தேர்வு' என்று சொன்னபோது ஒரு பையன், "இயற்கை வைக்கிற பரீட்சையா அக்கா?" என்று கேட்டான். சிரித்துவிட்டுப் போகவில்லை, பாடம் கற்றிருந்தேனே. தேர்வு என்றால் அவனுக்கு வினாத்தாள்தான். வினாத்தாள் என்றால் அதைத் தயாரித்தவர், தயாராகிப் போகிறவர், தேறவேண்டும் என்ற எண்ணம் எல்லாம் கூடவே வந்துவிடும். 'கோட்பாடு' இன்னொரு கண்ணி. கட்சிக்கும் கோட்பாடு, ஆசிரமத்துக்கும் கோட்பாடு. 'அது வெறும் கோட்பாடுதானே' என்று ஒருவர் சொன்னால், நோய் கிருமியால் வருகிறது என்பதும் அறிவியலில் கோட்பாடு என்றே அழைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு நகர்கிறேன். அதற்குமேல் அதில் மெனக்கெடுவதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமான குற்றவாளி ஒரு சின்னத் துணைவினை. 'விலங்குகள் சூழலுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொண்டன.' என் புத்தகத்தில் இந்த வாக்கியம் பதினோரு இடங்களில் இருக்கிறது, பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன். 'மாற்றிக்கொண்டன' என்று எழுதியவுடன் விலங்கே முனைந்து, முயன்று, தன்னை மாற்றுவதாகிவிடுகிறது. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டது, அது குட்டிக்கும் போயிற்று என்று லாமார்க் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1809இல் சொன்ன கருத்து, அந்தக் 'கொண்டன'வுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. நான் டார்வினைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பத்து மாதம் லாமார்க்கைப் பேசியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் நீளமானாலும் இப்படித்தான் சொல்கிறேன்: குட்டிகள் ஒன்றுபோல் ஒன்று பிறப்பதில்லை; அந்த வேறுபாடுகளில் சில, அந்த இடத்தில், அந்தக் காலத்தில் பிழைக்க உதவின; அப்படிப் பிழைத்தவற்றின் குட்டிகள் பெருகின. மாறியது கூட்டம். தனி விலங்கு பிறந்தபடியேதான் செத்தது.

இதற்குப் பொருத்தமாக நான் சொல்லும் கதை கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் நடந்தது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதி 1973இலிருந்து அங்கே குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறிய, மெல்லிய விதைகள் தீர்ந்துபோய்ப் பெரிய, கெட்டி விதைகள்தான் மிஞ்சின. தரைக்குருவிகளில் பெரும்பாலானவை செத்தன. பிழைத்தவற்றில் தடித்த அலகுக்காரர்கள் அதிகம். அடுத்த தலைமுறைக் குஞ்சுகளின் சராசரி அலகு முன்னைவிடத் தடிமன். இதோடு நிறுத்தினால் மறுபடி ஏணிதான். ஆகவே அடுத்ததையும் சொல்லிவிடுவேன். 1982, 83இல் பேய்மழை பெய்து தீவு முழுக்கச் சிறு விதைகள் நிறைந்தன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சிறிய அலகுக்குக் காலம் திரும்பியது. எந்தக் குருவியும் முனைந்து அலகை வளர்க்கவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

'எல்லாம் தற்செயலாக வந்தது என்கிறீர்கள், கண் எப்படித் தற்செயலாக வரும்?' என்பது இரண்டாவதாக அடிக்கடி வரும் கேள்வி. இதற்குப் பத்துப் பகடைகளைப் பையில் வைத்திருக்கிறேன். பத்தும் ஒரே உருட்டலில் ஆறாக விழ வேண்டும் என்றால், 6 கோடியே 4 லட்சத்துக்கு மேற்பட்ட வழிகளில் ஒன்றே ஒன்று. வினாடிக்கு ஒரு தடவை இரவு பகலாக உருட்டினாலும் சராசரியாக 700 நாள். ஆனால் விழுந்த ஆறுகளை அப்படியே வைத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் மறுபடி உருட்டினால்? கூட்டத்தில் யாரையாவது செய்யச் சொல்வேன். பெரும்பாலும் பதினைந்து இருபது உருட்டலில் முடிந்துவிடும். மாறுபாடு தற்செயல், தக்கவைப்பது தற்செயல் இல்லை என்று முத்தாய்ப்பு வைப்பேன், கைதட்டு விழும். நான்காவது தடவை செய்தபோது பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி, "ஆறுதான் வேண்டும் என்று முதலிலேயே யார் முடிவு செய்தது?" என்று கேட்டாள். கைதட்டு நின்றுவிட்டது. அவள் பிடித்தது சரியான ஓட்டை. என் பகடைக்கு இலக்கு உண்டு, இயற்கைக்குக் கிடையாது. அதற்கு அந்தந்தப் படியில் அப்போதைக்கு எது உதவியதோ அதுதான் தங்கும். அன்றிலிருந்து, பகடை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று அந்தச் சிறுமியின் கேள்வியை நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறேன். உவமைகளுக்கு எல்லை உண்டு என்பதை நாமே சொல்லாவிட்டால், யாரோ ஒருவர் கண்டுபிடித்து மொத்தத்தையும் சந்தேகிப்பார்.

'பாதிக் கண்ணால் என்ன பயன்?' என்று கேட்டால் கேட்டவரையே கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசலைக் காட்டச் சொல்கிறேன். மங்கலாகவாவது தெரியும், காட்டிவிடுவார். வெளிச்சம் இருட்டும், வெளிச்சம் வரும் திசையும் மட்டும் தெரியும் புள்ளிக் கண் தட்டைப்புழுவிடம் இருக்கிறது. வில்லையே இல்லாத ஊசித்துளைக் கண் நாட்டிலஸ் என்ற கடலுயிரிடம் இன்றைக்கும் இருக்கிறது. தட்டையான ஒளியுணர் படலத்திலிருந்து மீனின் கண் போன்ற ஒன்று வரச் சிறுசிறு படிகளாக எத்தனை தலைமுறை வேண்டும் என்று நில்சன், பெல்கர் என்ற இருவர் 1994இல் கணக்கிட்டார்கள். மிகக் கஞ்சத்தனமான அனுமானங்களோடு வந்த விடை, 4 லட்சத்துக்கும் குறைவு.

இனி நான் மிகவும் வெட்கப்படும் இடம். டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனின் கதையைப் பெருமையாகச் சொல்வது என் வழக்கம். மீன்களிலிருந்து நான்கு கால் விலங்குகள் வந்திருந்தால், இடைப்பட்ட உடலமைப்பு கொண்ட ஒன்று சுமார் 37.5 கோடி ஆண்டு வயதுள்ள, ஆழமற்ற நீரோடைப் பாறைகளில் கிடைக்க வேண்டும் என்று தொல்லுயிரியலாளர் நீல் ஷூபின் குழுவினர் கணித்தார்கள். அத்தகைய பாறை எங்கே இருக்கிறது என்று நிலவியல் வரைபடத்தில் பார்த்து, 1999இலிருந்து கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போய்ப்போய் வெறுங்கையோடு திரும்பி, 2004இல் எல்ஸ்மியர் தீவில் தோண்டி எடுத்தார்கள். செதிலும் துடுப்பும் உண்டு. கூடவே கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும். நான் இதைச் சொல்லி முடித்தபோது ஓர் இளைஞர் எழுந்து, போலந்தில் அதைவிடப் பழைய பாறையில் நான்கு கால் விலங்கின் சுவடுகள் கிடைத்திருக்கின்றனவே, இடைப்பட்டது எப்படிப் பின்னால் வரும் என்றார். எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அதெல்லாம் நிரூபிக்கப்படாத செய்தி" என்று அடித்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், 2010இலேயே பெரிய ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. வயது சுமார் 39 கோடி ஆண்டு. சிலர் அவை காலடிகள்தானா என்று கேட்கிறார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் நான் சொன்னது அதைத் தெரிந்துகொண்டு சொன்னதல்ல, புளுகு. உண்மையான பதிலும் பங்காளிதான். டிக்டாலிக் நம் நேர்ப்பாட்டன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாற்றத்தின் உடலமைப்பைக் காட்டும் ஒரு கிளை, தன் பங்காளிகள் கரையேறிய பிறகும் நீரில் வாழ்ந்திருக்கலாம். சுவடுகள் உறுதியானால் கரையேறிய தேதி முன்னால் நகரும். அடுத்த கூட்டத்துக்கு அந்த இளைஞர் வந்திருந்தார். எல்லோர் முன்னும் போன வாரம் நான் சொன்னது தவறு என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று 74 படம் போட்டுச் சொன்னபோது நம்பாத முகங்கள் அன்றைக்குக் கொஞ்சம் இளகின. அவர் இப்போது எனக்குக் கட்டுரைகள் தேடித் தருகிறார்.

கடைசியாக, தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். டைனோசர், ஆர்க்டிக், கலாபகோஸ் என்று உலகம் சுற்றிய எனக்கு, பரிணாமம் தினமும் காலையில் என் மேசைக்கே வந்துகொண்டிருந்தது. நோயாளியிடம் எடுத்த கிருமியைத் தட்டில் பரப்பி, மேலே மருந்து ஊறிய சிறு காகித வட்டுகளை வைத்து, இரவு முழுக்க இளஞ்சூட்டில் விடுவோம். காலையில் திறந்தால், மருந்து வேலை செய்யும் இடத்தில் வட்டைச் சுற்றி வெறுமையான வளையம் இருக்கும். வேலை செய்யாத இடத்தில் கிருமி வட்டின் விளிம்புவரை நெருங்கிப் படர்ந்திருக்கும். அப்படிப்பட்ட தட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டே வருடக்கணக்காக முடிவு எழுதியிருக்கிறேன். மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது தட்டின் படத்தில்தான் தொடங்குகிறேன். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று அநேகமாக எல்லோரும் நினைக்கிறார்கள். உடம்பு இல்லை, கிருமிக்கூட்டம் மாறியது என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்; வீட்டில் பாதியில் நிறுத்திய மாத்திரை அட்டை நினைவுக்கு வரும்போலும். பிறகு 2016இல் அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட காணொளி. நான்கடி நீளம், இரண்டடி அகலத் தட்டு. ஓரங்களில் மருந்து இல்லை, நடுவை நோக்கிப் போகப்போக ஒவ்வொரு பட்டையிலும் மருந்து கூடும், மையத்தில், கிருமி முதலில் தாங்கக்கூடிய அளவைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு. வெள்ளையாகப் படரும் கிருமி முதல் கோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். நிற்கும், நிற்கும். திடீரென்று ஒரே ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரிந்து அடுத்த பட்டைக்குள் பாயும். மறுபடி நிற்கும். மையத்தை எட்ட 11 நாள்தான். விசிறி விரியும் அந்த வினாடியில் அறையில் 'அய்யோ' என்று யாராவது சொல்வார்கள். அப்புறம் மாறுபாடு, பிழைப்பு, பெருக்கம் என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவர்களே சொல்கிறார்கள். 74 படங்கள் இப்போது ஒன்பதாகிவிட்டன. உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும், விதை, மாடு, நாய், மருந்து, பூச்சிக்கொல்லி என்று அதில் ஒன்று நிச்சயம் கிடைக்கும். டார்வினின் கப்பலைத் தேடிப் போவதற்கு முன் அங்கே பாருங்கள்.

இன்னொரு மாற்றம், வாசலிலேயே ஒரு தாளும் பென்சிலும் கொடுத்துவிடுகிறேன். பரிணாமம் என்றதும் மனத்தில் வருவதையும், கேட்க நினைப்பதையும் பெயர் போடாமல் எழுதி டப்பாவில் போடச் சொல்கிறேன். அவற்றைப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. பரணில் இருப்பவற்றில் ஒரு கட்டை இறக்கி, ஆளுக்கொரு பிரதியும் கொடுக்கிறேன். அட்டைப் படத்தில் என்ன தவறு என்று கண்டுபிடித்த பிறகு உள்ளே படியுங்கள் என்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் 26 தாள்கள் விழுந்தன. பதினான்கில் குரங்கு இருந்தது.